கறுப்புக் குப்பி சென்ட்

சென்ட் வாங்குமுன் செல்போனில் ஊரார் எழுதியிருப்பதையெல்லாம் படிப்பது என் வீட்டுக்காரரின் வழக்கம். ஒரே சென்ட்டை ஒருவர் மிளகு என்பார், ஒருவர் தோல் என்பார், இன்னொருவர் தலைவலி என்பார். அவர் அதைப் படித்துக் காட்டும்போதெல்லாம் எனக்கு எங்கள் சங்கரன்கோவில் வீடும் மாமா கொண்டுவந்த கறுப்புக் குப்பியும் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. துபாயிலிருந்து லீவில் வந்தவர் அப்பாவுக்கென்று அதைக் கொண்டுவந்தார். "இது சும்மா சென்ட் இல்ல அத்தான். ஆம்பளைக்குன்னே செஞ்சது. ஒவ்வொருத்தர் மேலயும் ஒவ்வொரு வாசம் அடிக்கும்" என்றார்.

மாமாவுக்குப் பேச்சில் இருக்கும் தாராளம் சென்ட்டில் கிடையாது. பஞ்சில் ஒரே ஒரு அடி அடித்து, அதையே எல்லோர் கையிலும் தேய்த்துவிட்டார். தாத்தா முகர்ந்து பார்த்துக் கிராம்புத் தைலம் என்றார். பல்வலி ஞாபகம் வருகிறதாம். சித்தப்பாவுக்குப் புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. அதிலேயே அவர் நடை மாறிவிட்டது. எதிர்வீட்டு வாத்தியார் சுருட்டு என்று சொல்லி, வீட்டில் சந்தேகப்படுவாளே என்று கை கழுவச் சோப்பு கேட்டார்.

அப்பாதான் வேடிக்கை. தாத்தாவிடம் கிராம்பு என்றார், சித்தப்பாவிடம் தோல் என்றார், வாத்தியாரிடம் சுருட்டேதான் என்று தலையாட்டினார். எனக்கு அப்போது பதினொரு வயது. அப்பா இப்படிச் சொந்த அபிப்பிராயமே இல்லாமல் நின்றது எனக்கு மானக்கேடாக இருந்தது.

ஏனென்றால் அப்பா லேசுப்பட்ட ஆளில்லை. கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிற தவசுப்பிள்ளை. பந்திக்கு முன்னால் எதையும் நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டார், எச்சில் ஆகிவிடும். அண்டாவின் மேல் குனிந்து ஆவியை ஒரு இழுப்பு இழுத்தே உப்பு போதாது, பெருங்காயம் கூடிப்போச்சு என்று சொல்லிவிடுவார். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் அவரைத் தேடி வந்தது அந்த மூக்குக்காகத்தான். மாமா வருவதற்கு முன்னால், அந்தப் பங்குனியில் வாசுதேவநல்லூர் போய்த் திரும்பும்போது பைக்கிலிருந்து விழுந்து, பின்மண்டையில் அடிபட்டு, ஒரு மாதம் படுத்துக் கிடந்தார். எழுந்த பிறகு அவருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. கல்யாண வேலைக்கு என்னையும் கூட்டிப்போய் அண்டா பக்கத்தில் நிறுத்தி, "என்ன வாசம் வருது மக்கா?" என்று மெதுவாகக் கேட்பார். எனக்குப் பரீட்சை வைக்கிறார் என்று நினைத்து நான் பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன்.

மாமா சென்ட் கொண்டுவந்து இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம், பெண்ணைப் பெற்ற அண்ணாச்சி ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். விடிந்தால் அவர் வீட்டுக் கல்யாணம். சாமான் சரியாக வந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, மறு கையில் கறுப்புக் குப்பியைப் பிடித்துக்கொண்டு, குளித்துவிட்டு வந்த அப்பாவின் கையில் தேய்த்தேன்.

"எப்படிப்பா இருக்கு?"

அப்பா ஆழமாக முகர்ந்தார். "அடேயப்பா, கிராம்பு தூக்குதே!"

"வெறும் தண்ணி!" என்று கத்தினேன்.

வீடே சிரித்தது. அப்பா மட்டும் முகம் வெளுத்து அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சியோ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிள்ள மனசு நோகக் கூடாதுன்னுல்லா சொல்லுதாரு! இப்படி ஒரு தகப்பன் எங்கன கிடைப்பான்?" என்றார். அதன் பிறகுதான் அப்பாவும் சிரித்தார். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

அண்ணாச்சி தெருமுனை தாண்டியதும் அம்மா என்னை அடுக்களைக்குள் இழுத்துப்போய் முதுகில் நாலு வைத்தாள். "ஏட்டி, விளையாட ஒனக்கு வேற எதுவுமே கிடைக்கலையா?" அடி வாங்கியது நான், அழுதது அவள். ஒரு சொட்டுத் தண்ணீருக்கு இவ்வளவா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் கல்யாண மண்டபத்தில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா என்னைக் கூப்பிட்டுக் காதோடு கேட்டார். "என்ன வாசம் வருது மக்கா?"

முதுகு இன்னும் எரிந்தது. பழிவாங்க வேறு வழி தெரியவில்லை. ஆவியை நன்றாக இழுத்துவிட்டு, "ஒண்ணும் வரல" என்றேன்.

அப்பா கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஒனக்குமா மக்கா?" என்றார்.

அப்பா பயந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மிரண்டுபோய், "இல்லப்பா, பெருங்காயம் வருது, கொத்தமல்லி வருது, உப்புதான் கொறயுது" என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுப்புப் புகை என்று சொல்லி உப்பை அள்ளிப் போட்டார். பந்தியில் சாம்பாரை மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒனக்குமா என்றாரே, அப்படியானால் வேறு யாருக்கு என்று கேட்க மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை.