நிஷாந்தி கழற்றிய பிரேம்கள்

நிஷாந்தியோடு ஒரு அலுவல் கதைக்க வேண்டுமென்றால் முதலில் உங்கள் காரின் நம்பர் பிளேட்டைத் துடைத்துவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் நீங்கள் சொல்வது அவளுடைய காதில் ஏறாது. ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில் பெயர்ப்பலகை செய்கிற அவளுடைய சைன் கடையும், தின்கிற ரோல்ஸும் தேத்தண்ணியும் விற்கிற என்னுடைய கடையும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு கனகாலமாக நிற்கின்றன. பனிக்காலத்தில் பனி கரைய வீதிக்குக் கொட்டுகிற உப்பெல்லாம் அப்பி, எழுத்து எது இலக்கம் எது என்று தெரியாத கோலத்தில் கார்கள் வந்து நிற்கும். கலியாணத்துக்கு பனர் அடிக்க வந்த மாப்பிள்ளையின் தகப்பனையும் வாசலில் காக்க வைத்துவிட்டு, இவள் ஈரத்துணியோடு வெளியே போய்விடுவாள்.

"முகம் கழுவாமல் கலியாண வீட்டை போவியளோ அங்கிள்?" என்று அவரிடமே கேட்பாள். அவர் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியாமல் என் கடைக்கு வந்து ஒரு தேத்தண்ணி குடிப்பார். எனக்கு வியாபாரம்தான்.

அவள் மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடியில் பிறந்தவள். இளம்பெண்ணாக இந்த நாட்டுக்கு வந்து, நகரத்தின் மற்றக் கோடியில் இருக்கிற ரெக்ஸ்டேலில் காருக்கு பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கிற தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஸ்காபரோவில் இருந்துகொண்டு ரெக்ஸ்டேலுக்கு பஸ்ஸில் வேலைக்குப் போனவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அது என்ன பாடு என்று. அந்தத் தொழிற்சாலை மூடியபோது கூட வேலை செய்தவர்கள் வேறு தொழிற்சாலை தேடினார்கள். இவள் மாலை வகுப்புக்குப் போய், கணினியில் எழுத்து வரையப் படித்தாள். கணவர் எட்வேட் லொறி ஓட்டுகிறவர், கிழமையில் பாதி நாள் ரோட்டில்தான். "நீ செய், நான் பார்த்துக்கொள்ளுறன்" என்று அவர் சொன்ன ஒரு சொல்லில் கடை திறந்தது.

பிளேட்டில் அவளுக்கு ஏன் இவ்வளவு பற்று என்று நான் கேட்டிருக்கிறேன். "பின்னால வாறவன் எங்களைப் பற்றி முதல் வாசிக்கிறது அதைத்தானே அண்ணை" என்றாள். கறுப்புக் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கிறது, பிளேட்டுக்கு மேலே போட்டால் கமராவுக்கு இலக்கம் தெரியாது. அதைக் கேட்டு வருகிற பெடியளை அவள் கடைக்குள் ஏறவே விடமாட்டாள். சட்டத்துக்கும் கூடாது, பார்க்கவும் வடிவில்லை என்பாள். கார் விற்ற கடைக்காரன் தன் பெயரைப் பொறித்துப் பிளேட்டைச் சுற்றி மாட்டிவிடுகிற பிரேமைக் கண்டாலோ அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"வாங்கினது நீங்கள், விளம்பரம் அவனுக்கோ?" என்பாள்.

அப்படித்தான் அவள் தானே பிரேம் செய்யத் தொடங்கினாள். மெல்லிய கறுப்புப் பிரேம், கீழ் ஓரத்தில் ஒட்டின வெள்ளை எழுத்தில் 'முருகன் துணை'. நல்ல வடிவு. ஆனால் வாங்கியவர்கள் ஒவ்வொருவராகத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். சாமியின் பெயரைக் கீழே வைக்கலாமா? சேறு தெறிக்காதா? "புகை போற குழாய்க்குப் பக்கத்திலயோ பிள்ளை முருகனைக் குந்த வைச்சிருக்கிறாய்?" என்று ஒரு அம்மா என் கடைவரை கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டார்.

சரியென்று அவள் பெயரை மேல் ஓரத்துக்கு மாற்றினாள். அங்கேதான் வினை இருந்தது. கீழே என்றால் பிரேமின் ஓரத்தைப் பிளேட்டுக்கு வெளியே தொங்கவிடலாம். மேலே கார் செய்தவன் லைட் வைத்திருப்பான், இடமில்லை. அதனால் பிரேமின் மேல் ஓரம் பிளேட்டின்மேலேயே இறங்கி உட்கார்ந்தது. இலக்கத்தில் முட்டவில்லை என்று அவள் நன்றாகப் பார்த்துத்தான் செய்தாள். மேலே சின்னதாக மாகாணத்தின் பெயர் இருக்கிறதே, அதை அவளும் யோசிக்கவில்லை, வாங்கியவர்களும் யோசிக்கவில்லை. நாங்களெல்லாம் முருகனைத்தான் பார்த்தோம்.

பிரேம் விற்றுப் பறந்தது. சிவப்பு விளக்கில் நின்றால் முன்னால் முருகன், பக்கத்தில் பிள்ளையார், அதற்குப் பக்கத்தில் மாதா. கடைசியில் கோயில் தலைவர் ஸ்ரீஸ்கந்தராசாவே தேடி வந்தார். தேர்த்திருவிழாவுக்கு வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் கோயில் பெயரும் வேலும் போட்ட பிரேம் கொடுக்க வேண்டுமாம். அது சரியாக முடிந்தால் கோயிலின் பனர், கலண்டர், நோட்டீஸ் எல்லாம் இனி இவளுக்குத்தானாம்.

இந்த வேலைக்கு அவள் எத்தனை வருடமாக வாசலில் நின்றாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் "பார்ப்பம் பிள்ளை" என்று சொன்னால் அதற்கு இல்லை என்று அர்த்தம். அந்தப் 'பார்ப்பம்' எல்லாம் கேட்டவள் அவள். அதுவும் அந்த வருடம் கடையின் குத்தகை முடிகிறது, வாடகை ஏறுகிறது.

"இது சரிவந்தா கடை நிக்கும் அண்ணை. இல்லாட்டி மெசினைக் கொண்டுபோய் வீட்டு பேஸ்மென்ட்டில போட்டுட்டுத் திரும்பத் தொழிற்சாலைதான்" என்றாள்.

பிரேம்கள் செய்து முடிந்து, பெட்டி பெட்டியாகக் கடைக்குள் அடுக்கியாயிற்று. திருவிழாவுக்கு முந்திய கிழமை, நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நிற்கும்போது தங்கத்துரை உள்ளே வந்தார். வயது போனவர்களைத் தன் வான் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற மனுசன்.

"தங்கச்சி, உம்மட முருகன் எனக்கு டிக்கெட் எடுத்துத் தந்திட்டார்" என்று பொலிஸ்காரர் எழுதிய தண்டத் துண்டை மேசையில் வைத்தார். "நம்பர் வடிவாத் தெரியுதாம். மேல மாகாணத்தின்ர பேர் பாதி மறைஞ்சு கிடக்காம். பிளேட்டில ஒண்டையும் மூடக்கூடாதாம். டிக்கெட் பரவாயில்லை. பின்னால ஒரு அம்மா டயாலிசிசுக்கு இருந்தவ. மறிச்சு வைச்சதில அவவுக்கு நேரம் பிந்திப் போச்சு. பாவம், களைச்சுப் போனா."

நிஷாந்தி வெளியே போனாள். வானுக்குப் பின்னால் குந்தியிருந்து பிரேமின் ஓரத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். எழும்பி வந்து, அடுக்கியிருந்த பெட்டி ஒன்றைத் திறந்து பார்த்தாள். பெட்டிகளில் இருந்தவையும் அதே அச்சு.

"மறுகா என்ன, இதெல்லாம் குப்பைதான்" என்றாள். மனம் கலங்கினால்தான் 'பிறகு' என்பது அவளுடைய வாயில் அந்த மட்டக்களப்பு 'மறுகா'வாக வரும்.

"விசர்க்கதை கதையாதேயும். அவையள் கேட்டபடிதானே செய்து குடுத்தனீர்?" என்றேன்.

"கேட்டது அவையள். செய்தது நான்."

"சரி, இனிமேல் விக்காதேயும். வித்ததைப் பற்றி வாயைத் திறக்காதேயும். நுணலும் தன் வாயால் கெடும் எண்டு கேள்விப்படேல்லையோ?"

"கேள்விப்பட்டனான் அண்ணை. ஆனா அந்த அம்மா என்ன பாவம் செய்தவ?" என்றாள்.

அன்றைக்குப் பின்னேரமே ஸ்ரீஸ்கந்தராசா வந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். பெயரைக் கீழே மாற்றி, இரவு பகலாக நின்று புதிதாகச் செய்து தருகிறேன் என்றாள். அவர் பெட்டியைத் திறந்து ஒரு பிரேமை எடுத்துப் பார்த்தார்.

"ஒரு பொலிஸ்காரன் பிடிச்சதுக்கு ஊரெல்லாம் பிடிக்கப் போறானோ? சாமி பேர் கீழ வரேலாது பிள்ளை. உள்ளதைத் தாரும், நான் குடுக்கிறன்."

"இதைத் தரமாட்டன் ஐயா."

"அப்ப நான் வேற ஆளைப் பார்க்கிறன்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இவர் பூசாரிகூட இல்லை, வெறும் தலைவர். அவர் போன பிறகு நான் நிஷாந்தியோடு கதைக்கவில்லை. எனக்கு அவ்வளவு கோபம். அந்த மனுசனிலும் கோபம், கையில் கிடைத்ததைத் தட்டிவிட்ட இவளிலும் கோபம். சுவருக்கு அந்தப் பக்கம் மெசின் ஓடுகிற சத்தம் கேட்டது. வேலையில்லாத கடையில் என்னத்தை அடிக்கிறாள் என்று எட்டிப்பார்க்கவும் மனம் வரவில்லை.

என்னத்தை அடித்தாள் என்று தேர் அன்றைக்குக் கண்டேன். கோயில் பார்க்கிங்குக்குள் திரும்புகிற இடத்தில், இரண்டு கம்பத்துக்கு நடுவில் ஒரு பெரிய பனர். அவள் அடித்ததிலேயே வடிவானது அதுதான்.

'என் கடையில் வாங்கிய பிரேம் உங்கள் பிளேட்டை மறைக்கிறது. பிழை என்னுடையது. கழற்றித் தருகிறேன். நிஷாந்தி.'

பனரில் பிறந்தநாள் வாழ்த்துக் கண்டிருக்கிறேன், கடை திறப்புவிழாக் கண்டிருக்கிறேன், தனக்குத் தானே பட்டம் கொடுத்தவர்களையும் கண்டிருக்கிறேன். தன்னுடைய பிழையைப் பெரிய எழுத்தில் அடித்துக் கட்டின ஆளை அன்றைக்குத்தான் கண்டேன். அதற்குக் கீழே அவள் பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் ஸ்குரூ டிரைவரோடு நின்றாள். கார்கள் நிற்காமல் போயின. கண்ணாடியை இறக்கிச் சிரித்துவிட்டுப் போனார்கள். ஒருவர் போனில் படம் எடுத்தார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று நினைத்தேன்.

பிறகு தங்கத்துரையின் வான் வந்தது. மனுசன் அதைப் பாதை ஓரத்தில், மற்றக் கார்கள் மெதுவாகப் போக வேண்டிய மாதிரி நிறுத்திவிட்டு இறங்கினார்.

"டிக்கெட் வாங்கினவன் சொல்லுறன், இஞ்சால வாங்கோ! பிள்ளை வெய்யிலுக்க நிக்குது. என்ன சிரிப்பு உங்களுக்கு?"

ஒரு கார் நின்றது. பிறகு இன்னொன்று. மூன்றாவது காரில் வந்த அன்ரி இறங்கி வந்து, கழற்றின பிரேம்கள் கிடந்த பெட்டியைப் பார்த்துத் திடுக்கிட்டார். "தேர் நாளில முருகன்ர பேரைப் பெட்டிக்குள்ள எறிஞ்சுபோட்டு வெறுங்காரோட வீட்டை போறதோ?" என்றார். வரிசையில் நின்றவர்களும் ஓமோம் என்றார்கள். எல்லாம் குழம்பப்போகிறது என்று நினைத்தேன்.

நிஷாந்தி அன்ரியின் பிரேமைக் கழற்றிக் கையில் எடுத்தாள். பிறகு அதில் ஒட்டியிருந்த எழுத்தை ஊசியால் மெல்லக் கிளப்பி, முழுதாக உரித்து எடுத்தாள். காரின் பிளேட்டைக் கழற்றிப் பின்பக்கத்தைத் துடைத்து, எழுத்தை அங்கே ஒட்டினாள். பிளேட்டைத் திரும்பப் பூட்டினாள்.

"கோயிலிலயும் சாமி உள்ளுக்குத்தானே அன்ரி இருக்கிறார். வாசல்லயோ நிக்கிறார்?" என்றாள்.

அன்ரி பிளேட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு வரிசை கோயில் மதிலைச் சுற்றிப் போனது. நான் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல், இன்னொரு ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் குந்தினேன். தேர் இருப்பிடத்துக்கு வந்து சனமெல்லாம் போன பிறகு கடைசியாக வந்தது ஸ்ரீஸ்கந்தராசாவின் கார். அதிலும் அவளுடைய பிரேம். நிஷாந்தி எழும்பி நின்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. "கழற்றும்" என்றார். அவள் எழுத்தை உரிக்கும் மட்டும், கழற்றின பிளேட்டை அவரே இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கோயில் வேலை அவளுக்குத் திரும்பி வரவில்லை. பிழை விட்டவளை மன்னிக்கலாம், தரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னவளை மன்னிக்க அவருக்கு இன்னும் கொஞ்சக் காலம் வேண்டும் போல. கடைச் சொந்தக்காரர் குத்தகைக்குக் கொடுத்த தவணையும் நெருங்கியது. அவள் மெசினை விற்க விலை விசாரித்தாள். அந்தச் சத்தம் இல்லாத சுவரை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆனால் அன்றைக்குச் சிரித்தவர் எடுத்த படம் போன் போனாகப் போயிருந்தது. முதலில் ஒருவர் வேலை கொண்டு வந்தார், பிறகு நாலு பேர், பிறகு என் கடை வாசலை மறைக்கிற அளவுக்குக் கார்கள். பலசரக்குக் கடைக்காரர், கலியாண மண்டபக்காரர், பல் வைத்தியர். ஒருநாள் ஒஷாவாவிலிருந்து செல்வரட்ணம் என்று ஒருவர், தன்னுடைய புதுக்கடைக்கு முழுச் சைனும் செய்விக்க வந்து, வழி தெரியாமல் என் கடைக்குள் ஏறினார்.

"ஒஷாவாவில சைன் கடை இல்லையோ?" என்று நான் வேண்டுமென்றே கேட்டேன்.

"கிடக்கு அண்ணை. பிழை விட்டா மறைக்கிற ஆக்கள் எல்லா இடமும் கிடக்கு. பிழை விட்டனான் எண்டு தேடி வந்து சொல்லுற ஆள் இஞ்சதான் இருக்கிறா எண்டு சொன்னாங்கள்."

நான் அவரைக் கையில் பிடித்து அடுத்த கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், அவர் சொன்னதை அப்படியே நிஷாந்திக்கு முன்னால் திரும்பச் சொல்ல வைத்தேன். அவள் கேட்டுவிட்டு மெசின் பக்கம் திரும்பி நின்றாள். அடுத்த நாள் காலையில் அவள் இன்னும் ஐந்து வருடத்துக்குக் குத்தகையில் கையெழுத்து வைத்தாள்.