நேற்றே கிளம்பிய ரங்கநாயகி

திருச்சி விமான நிலையத்திலிருந்து மதுரை விமான நிலையம் எவ்வளவு தூரம் என்று எங்கள் பாலக்கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: எழுபத்தேழு மைல், முப்பத்தைந்து நிமிஷம். எல்லாம் டாக்சி செபஸ்தியான் செய்த வேலை. ஒருநாளும் விமானத்தில் ஏறாத மனிதர், வண்டியில் ஏறுகிறவர்களிடமெல்லாம் இதை ஒப்பிக்காமல் விடமாட்டார். நாங்களும் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போயிருந்தோம். ஆனால் அந்தக் கணக்கு ஒருநாள் ஒரு பெண்ணின் வேலையைக் கெடுக்கப் பார்த்தது; காப்பாற்றியது அவருடைய இன்னொரு கணக்கு.

1962, ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. காலை ஏழே முக்காலுக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பியவரை, அழகியமணவாள அய்யங்கார் தந்தியும் கையுமாக மறித்தார். அவர் மகள் ரங்கநாயகிக்கு மதுரையில் ஒரு கல்லூரியில் கணக்கு வாத்தியார் வேலை. அன்று பகல் பன்னிரண்டுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. பஸ்ஸில் போனால் பன்னிரண்டு தாண்டிவிடும். ஒன்பதரைக்கு விமானம் இருந்தது.

"ஒம்போது மணிக்கு வந்துடு. முப்பத்தஞ்சு நிமிஷப் பிரயாணம்னு நீதானே சொல்லுவே?" என்றார் அய்யங்கார்.

செபஸ்தியானுக்குச் சுருக்கென்றது.

"அது ஏர்போர்ட்டுக்கும் ஏர்போர்ட்டுக்கும் நடுவுலங்க சாமி. இங்கேருந்து ஏர்போர்ட் போகவே முக்கால் மணி நேரம் ஆகும். காவிரிப் பாலம், மார்க்கெட் வண்டிங்க, ரயில்வே கேட் எல்லாம் இருக்கு. இப்பவே கிளம்பணுங்க."

"ஏழரைலேர்ந்து ஒம்போது வரைக்கும் ராகு காலம். குழந்தையை நான் அனுப்பமாட்டேன்."

ரங்கநாயகி பெட்டியோடு வாசலில் நின்றாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு செபஸ்தியானுக்கு அப்படியே திரும்பிப் போக மனம் வரவில்லை.

"அம்மா, உங்க பொருள் ஏதாச்சும் வீட்டுக்கு வெளிய இருக்குங்களா?" என்று அவளிடம் கேட்டார்.

"ஒரு புடவை இஸ்திரிக் கடையில இருக்கு. நேத்துக் காலம்பற பத்து மணிக்குக் குடுத்தேன்."

பயணப் பொருள் ஒன்றை நல்ல நேரத்தில் முன்கூட்டியே வெளியே வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். இருபது வருஷமாக ஸ்ரீரங்கத்துச் சவாரிகளை ஏற்றியவருக்கு இது தெரியாதா?

"அப்ப நேத்தே பரஸ்தானம் ஆயிடுச்சுங்க. அம்மா நேத்தே கிளம்பியாச்சு. இன்னிக்குப் போறது மிச்சத் தூரம்."

அய்யங்கார் விரல் மடக்கிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியில் ஒரு தோஷமும் அகப்படவில்லை. கழுத்தில் சிலுவை போட்டவன் எனக்குச் சாஸ்திரம் சொல்லும்படி ஆயிற்றே என்று முணுமுணுத்தார். ஆனால் வண்டியில் முதலில் ஏறி உட்கார்ந்தவரும் அவர்தான்.

இஸ்திரிக் கடையில் புடவையை வாங்கிக்கொண்டு பறந்தார்கள். ரயில்வே கேட்டிலேயே பன்னிரண்டு நிமிஷம் போயிற்று. விமான நிலையத்தில் இறங்கும்போது மணி எட்டு ஐம்பது. சீட்டும் கிடைத்தது.

வியாழக்கிழமை டாக்சி ஸ்டாண்டுக்கு ஒரு கார்டு வந்தது. "பதினொன்றரைக்குக் கையெழுத்துப் போட்டேன். வானத்தில் முப்பத்தைந்து நிமிஷம்தான், கடிகாரம் பார்த்தேன். உங்கள் கணக்கு சரி. ரங்கநாயகி." கணக்கு வாத்தியாரே சரி என்று எழுதிவிட்டாரே, இனி செபஸ்தியானைப் பிடிக்க முடியுமா? பாலக்கரை முழுக்க அந்தக் கார்டைக் காட்டினார். எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதன்பிறகு மகளைப் பார்க்க மதுரைக்குக் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் அய்யங்கார் முதல்நாளே ஒரு வேட்டியை மடித்து எடுத்துக்கொண்டு பாலக்கரைக்கு வருவார். அவருடைய பரஸ்தானம் செபஸ்தியான் வீட்டில்தான்.