வர்லாமின் வாழ்த்துரையும் எட்டு நொடி நாரையும்

"கோப்பை மட்டும் என் கையில இருக்கட்டும். பூமியில எந்த மேசையானாலும் சரி, எந்த மொழியானாலும் சரி, இந்த வர்லாமோட நாக்கு ஒரு நாளும் தோத்து உட்காராது."

ஜார்ஜியா நாட்டின் குத்தாயிசி நகரில் சந்தைக்குப் பின்புறம் பஞ்சர் கடை வைத்திருக்கும் வர்லாம், ஒரு ஞானஸ்நான விருந்தில் அறுபது பேர் முன்னிலையில் இப்படி அறிவித்தார். அப்போது அவர் பதினேழாவது கோப்பையில் இருந்தார் என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். அபாண்டம். பதினாலாவதுதான்.

அவரை அறிந்த யாரும் அந்த அறிவிப்பைச் சந்தேகிக்கவில்லை. டயருக்கு ஒட்டுப் போடுவது அவருக்குப் பிழைப்பு மட்டுமே. விருந்து மேசைக்குத் தலைவராக, தமாதாவாக, எழுந்து நின்று வாழ்த்துச் சொல்லத்தான் அவர் பிறவி எடுத்திருந்தார். சமாதானத்துக்கு ஒன்று, பெற்றவர்களுக்கு ஒன்று, போய்ச் சேர்ந்தவர்களுக்கு ஒன்று, இனிமேல் பிறக்கப் போகிறவர்களுக்கு ஒன்று என முப்பது வருடமாக வரிசை பிசகாமல் சொல்லிவருகிறார். ஒரு வாழ்த்து இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிட்டால் மனைவி சியாலா அவர் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பாள்.

இத்தாலியில், பாரி நகரத்து மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் மகள் மாக்கா, ஜூன் மாதம் போன் செய்தாள். வீத்தோ என்ற பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாளாம். அக்டோபரில் அவனுடைய அப்பா அம்மா குத்தாயிசிக்கு வருகிறார்களாம். வர்லாம் வழக்கம்போலப் பேசினால் போதும், தான் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்துவிடுவதாகச் சொன்னாள்.

வர்லாம் அதற்குச் சம்மதிக்கவில்லை. பெண்ணின் அருமையைப் பெண்ணே எடுத்துச் சொல்வதா? பேச நாதியில்லாத வீட்டிலிருந்து வந்தவள் என்று சம்பந்தி வீட்டார் ஒரு நொடி நினைத்தாலும் அந்த நினைப்பு ஆயுசுக்கும் அவளோடு ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. "நான் ஊத்துறது ஒயினு. நீ மொழிபெயர்த்தா அது கோப்பை கழுவின தண்ணிம்மா" என்று சொல்லிப் போனை வைத்தார். நான்கு மாதத்தில் இத்தாலிய மொழியை ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று.

மறுநாள் போனில் ஒரு செயலி வந்து குடியேறியது. அதில் தொப்பி போட்ட நாரை ஒன்று பாடம் நடத்தும். முதல் சங்கடம், அந்த நாரைக்கு ஜார்ஜிய மொழி தெரியாது. இத்தாலிய மொழியை ருஷ்ய மொழி வழியாகத்தான் அது கற்றுத் தரும். பட்டாளத்தில் லாரி ஓட்டிய காலத்தில் வர்லாம் கற்ற ருஷ்ய மொழி, பெரும்பாலும் லாரியைத் திட்டுவதற்கு உதவுவது. ஆகவே இத்தாலிய மொழியில் சரியாகப் பதில் சொல்லி ருஷ்ய மொழியில் தோற்கும் அரிய பெருமை அவருக்குக் கிடைத்தது. ஒவ்வொரு தப்புக்கும் நாரை ஓர் இதயத்தைப் பிடுங்கிக்கொள்ளும். ஐந்தும் போய்விட்டால் நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் தொப்பை குறைக்கும் தேநீரின் விளம்பரத்தைக் கடைசிவரை பார்க்க வேண்டும். அவர் தொப்பையைத் தடவிக்கொண்டே பார்த்தார்.

அதைவிடப் பெரிய சங்கடம், நாரையின் காது எட்டு நொடிதான் திறந்திருக்கும். எட்டு நொடியில் வர்லாம் தொண்டையைச் செருமி முடித்திருக்க மாட்டார். "பையன் ஆப்பிள் சாப்பிடுகிறான்" என்று சொல்லச் சொன்னது ஒரு பாடம். சொன்னார். ஆனால் ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசிவிட்டு அவனைப் பெற்றவர்களை வாழ்த்தாமல் வாயை மூடுவது வளர்ப்புக்கு அழகா? அவர்களையும் வாழ்த்தினார். ஆப்பிள் மரத்தை நட்டவரின் ஆன்மாவை நினைவுகூரத் தொடங்கும்போது காது மூடிக்கொண்டது. ஓர் இதயம் போயிற்று.

இன்னொன்றும் உண்டு. கையில் கோப்பை இல்லாமல் அவருக்கு வாய் திறக்காது; கோப்பையை எடுத்துவிட்டால் வாழ்த்தாமல் குடிக்கக் கூடாது; வாழ்த்தியபின் குடிக்காமல் வைக்கக் கூடாது. முதல் பாடத்தில் தெளிவாக இருக்கும் உச்சரிப்பு ஆறாவது பாடத்தில் என்ன கதியாகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். "இந்தா பாரு வர்லாம், நீ படிக்கிறியா, இல்ல அந்தப் பறவைக்கு ஊத்திக் குடுக்கிறியா?" என்று சியாலா கேட்டாள். அவர் கோப்பையில் எலுமிச்சை சர்பத்தை ஊற்றிக்கொண்டார். அந்த ஊர் வழக்கப்படி, சர்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாழ்த்துவது பகைவனுக்குச் செய்வது. மகளுக்காக அதையும் செய்தார்.

ஆகஸ்டில் அக்கம்பக்கத்துக் கிழவர் செவெரியான் காலமானார். அடக்கத்துக்குப் பிந்திய விருந்தில் தமாதா வர்லாம்தான். எல்லோரும் எழுந்து தலைகுனிந்து நிற்க, இறந்தவருக்கான வாழ்த்து பதினெட்டாவது நிமிடத்தை எட்டியிருந்தது. அப்போது அவர் சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு குரல், சோகமான ருஷ்ய மொழியில், "என்னை மறந்துவிட்டீர்களா? நான் காத்துக்கொண்டிருக்கிறேன்" என்றது. செவெரியானின் மனைவி சிலுவை போட்டுக்கொண்டாள். அன்றைய பாடம் பாக்கி என்பதை நாரை நினைவூட்டும் முறை அது.

பக்கத்து ரொட்டிக்கடை ஜூம்பேர் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "இவ்வளவு நேரமா உன்னைப் பத்தியே பேசிட்டிருந்தா செத்தவருக்குக் கோபம் வராதாண்ணே?"

அதிலிருந்து ஜூம்பேர் தினமும் கடை வாசலில் நின்று, இன்றைக்கு நாரை முட்டி போடச் சொன்னதா, பெஞ்சு மேல் ஏற்றியதா என்று விசாரிக்க ஆரம்பித்தான். வர்லாம் டயருக்குள் தலையை விட்டுக்கொள்வார். ஆனால் ஒரு நாளும் பாடத்தை விடவில்லை. நூற்றுப் பன்னிரண்டு நாள் தொடர்ந்து படித்ததற்காக நாரை அவருக்குத் தங்க இறகு ஒன்றை வழங்கியது. அந்த இறகோடு சேர்ந்து அவருக்குக் கிடைத்த மொழிச் செல்வம் வருமாறு: அத்தையின் குடை நூலகத்தில் இருக்கிறது, இரண்டு கட்டில் போட்ட அறை வேண்டும், அந்தக் குதிரை என்னுடையதல்ல. 'மகள்' என்ற சொல் நாற்பத்தொன்றாவது பாடத்தில் பூட்டிக் கிடந்தது. சம்பந்தி வருவதற்கு இரண்டு நாள் முன்புதான் அதைத் திறந்தார்.

வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ரொக்கோ மீன் வியாபாரி, கூச்சசுபாவம். அம்மா எதைப் பார்த்தாலும் கண்கலங்கும் ரகம். மேசையில் வால்நட் அரைத்த கோழிக்குழம்பு, சீஸ் ரொட்டி, அந்த வருடத்துப் புது ஒயின். ஐம்பது பேர். வர்லாம் எழுந்தார். நாற்காலிகள் நகர்ந்தன. ஜூம்பேர்கூட மெல்லுவதை நிறுத்தினான்.

"என் மகள்" என்று இத்தாலிய மொழியில் ஆரம்பித்தார். அருமையான உச்சரிப்பு. ரொக்கோ தலையாட்டினார். அடுத்துச் சொல்ல நாற்பத்தொன்றாவது பாடம் கொடுத்திருந்தவை மூன்றே மூன்று: உயரமானவள், களைப்பாக இருக்கிறாள், இறைச்சி சாப்பிடமாட்டாள். மாக்கா எழுந்து நின்றாலும் அவர் தோளுக்குக் கீழேதான். முகமெல்லாம் விளக்குப் போட்டதுபோல இருந்தாள். மூன்றாவது துண்டுக் கோழியை அப்போதுதான் முடித்திருந்தாள்.

"என் மகள்" என்று மறுபடியும் சொன்னார். காத்திருந்தார்கள். எட்டு நொடி எப்போதோ கடந்துவிட்டது. ஜார்ஜிய மொழியில் இருபது நிமிடம் அவர் நெஞ்சுக்குள் முட்டிக்கொண்டு நின்றது. மாக்கா அவர் முழங்கையைத் தொட்டு, நம் மொழியிலேயே சொல்லுங்கள், நான் மாற்றிச் சொல்கிறேன் என்று முணுமுணுத்தாள்.

வர்லாம் அவளைப் பார்த்தார். தமாதா தன் வாழ்த்தை இன்னொருவர் கையில் ஒப்படைப்பதற்கு ஒரு சொல் உண்டு. வாங்கிக்கொள்பவர் தன் சொந்த வார்த்தையில் அதைக் கொண்டுபோக வேண்டும். முப்பது வருடத்தில் பிஷப்புக்கு ஒரு முறை, மரியாதைக்காக, அதை அவர் சொன்னதுண்டு.

"அலவெர்தி, மாக்கா" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "மாத்திச் சொல்ல வேணாம்மா. நீயே சொல்லு."

கோப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

மாக்கா எழுந்து இத்தாலிய மொழியில் பேசினாள். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. ரொக்கோவின் மனைவி கைக்குட்டையைத் தேடினாள். ரொக்கோ ஒரு தடவை சிரித்து, உடனே மூக்கை உறிஞ்சினார். வர்லாமுக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. அவள் எங்கெங்கே நிறுத்துகிறாள் என்பதை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தார். நிறுத்த வேண்டிய இடத்தில்தான் நிறுத்தினாள்.