பென்சால்டிஹைடு என்று ஒட்டிய தாள்

வலங்கைமான் பக்கத்தில் நாற்றுக்கட்டு சுமந்தே மகனைப் படிக்கவைத்தவர் ரெத்தினம். அந்த மகன் செழியன்தான் அவர்கள் தெருவின் முதல் முனைவர். கிடைத்ததோ கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் வேலை. ஜூன்தோறும் வேதியியல் துறைத்தலைவர் குணசேகரன் பரிந்துரைத்தால்தான் நீடிக்கும். ஒன்பது ஜூன்களை அப்படித் தாண்டியிருந்தான்.

அங்கே நிறமாலை எடுக்கும் கருவி கிடையாது. மூலக்கூறின் அடையாளத்தைக் காட்டும் அந்த வரைபடத்தை மாணவர்கள் வாசல் ஜெராக்ஸ் கடையில் வாங்கி ரெக்கார்டு நோட்டில் ஒட்டுவார்கள். அது குணசேகரன் தம் ஆராய்ச்சிக் காலத்தில் எடுத்தது. பதினேழு வருடமாக நகலுக்கு நகல்.

செழியனுக்கு மனசு கேட்கவில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் நிறமாலைத் தரவுத்தளத்தைப் பிள்ளைகளின் கைபேசியிலேயே திறக்கவைத்தான்.

"சும்மா ஒட்டாதீங்க. படிங்க. கோட்டுல வர்ற ஒவ்வொரு பள்ளமும் ஒண்ணு சொல்லும்."

மூன்றாம் நாள் சுடர்விழி எழுந்தாள். "சார், நம்ம தாள்ல பென்சால்டிஹைடுன்னு இருக்கு. ஆனா இந்த அகலமான பள்ளம் பென்சாயிக் அமிலத்துக்குத்தானே வருது?"

"ஹெச்.ஓ.டி. பாட்டில மூட மறந்துட்டாரு போல!" என்றான் பின்பெஞ்சு ஹம்தான். வகுப்பே சிரித்தது.

கேலிக்குச் சொன்னாலும் விஷயம் அதுதான். காற்றுபட்டால் பென்சால்டிஹைடு பென்சாயிக் அமிலமாகிவிடும். இருபத்தெட்டுப் பேரும் சரியான வரைபடத்தை ஒட்டினார்கள். அன்று செழியன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் குணசேகரன் கூப்பிட்டார். "அது என் தீசிஸ்ல உள்ள ஸ்பெக்ட்ரம். போனப் பாத்து எனக்கே பாடம் எடுக்குறீங்களோ?"

"இல்ல சார், பசங்க கண்டுபிடிச்சது…"

"பழைய தாள ஒட்டிட்டு வரச் சொல்லுங்க. இல்லன்னா ஒரு ரெக்கார்டுலயும் கையெழுத்து கிடையாது. ஜூன் வருதுல்ல?"

செழியனே இருபத்தெட்டு நகல் எடுத்துவந்தான்.

"இது தப்புன்னு நீங்கதானே சார் காட்டுனீங்க?" என்றாள் சுடர்விழி.

"ஒட்டும்மா."

"எது சரின்னு மட்டும் சொல்லுங்க சார்."

"இப்போதைக்கு இதுதான் சரி."

அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் ஒட்டினாள்.

ஜூனில் பட்டியல் வந்தது. செழியன் பெயர் இல்லை. அலறியடித்துக்கொண்டு ஓடினான். குணசேகரன் ஒரு தாளை மேசைமேல் நகர்த்தினார். ஆசிரியர்களைப் பற்றி மாணவர்கள் எழுதிக்கொடுக்கும் கருத்துப் படிவம்.

"நான் என்ன செய்ய? பிள்ளைங்களே எழுதுதுங்க."

'செழியன் சார் ஒரு நாள் ஒன்றைச் சரி என்கிறார். மறுநாள் அதையே தப்பு என்கிறார். எதை நம்புவது என்று தெரியவில்லை.'

பெயர் போடவில்லை. ஆனால் ஒரு வருடமாக அவன் திருத்திய நோட்டுகளில் பார்த்த சுடர்விழியின் கையெழுத்து. ஒரு வரிகூடப் பொய் இல்லை.