படத்தில் நான் வரைந்த தென்னை

என் மகள் வரைந்த படத்திலிருந்து என்னை நானே அழித்தேன். இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

மல்லசமுத்திரம் பக்கம் எங்கள் தோட்டம். போன வருடம் என் நான்கு வயது மகன் புகழ் கிணற்றில் விழுந்து இறந்தான். அப்போது நானும் அங்கேதான் இருந்தேன்... மோட்டார் ரூம் அருகே, கிணற்றுக்கு முதுகைக் காட்டியபடி, தங்கையோடு போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன். ஊர் திரண்டு வந்து கேட்டபோது வாய் கூசாமல் சொன்னேன்: "நான் ஊட்டுல சோறாக்கிட்டு இருந்தனுங்க. யாழினிகிட்டதான் உட்டுட்டுப் போனேன்."

யாழினி என் மகள். பதினொரு வயது. அன்றோடு அவள் பேச்சு நின்றுவிட்டது.

அஸ்தம்பட்டியில் ஒரு மனநல ஆலோசகரிடம் வாரந்தோறும் அழைத்துப் போனேன். அந்த அம்மையார் அவளை எதுவும் கேட்கவில்லை. தாளும் வண்ணமும் கொடுத்தார். என்னிடம், "அழகா வரையணும்னு இல்லைங்க. அவ கை போற போக்குல உடுங்க," என்றார்.

முதலில் வெறும் கறுப்பு. தாள் கிழியும்வரை கறுப்பு. பிறகு கொஞ்சம் நீலம், பிறகு கிணறு... வரைய வரையப் பிள்ளை இளகினாள். தூக்கம் வந்தது. தட்டில் போட்டதைச் சாப்பிட்டாள். வாய் சொல்லாததைக் கை சொல்லிவிடும் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் மகிழவில்லை, பயந்தேன்!

ஒருநாள் அவள் வீட்டில் வரைந்து காயவைத்திருந்த படத்தைப் பார்த்தேன். கிணற்றோரம் பச்சைச் சேலையில் ஒரு பெண். காதில் போன். அன்று நான் கட்டியிருந்த அதே சேலை. அவள் பார்த்திருக்கிறாள்! பார்த்தும், என் பழியைத் தன் தலையில் சுமந்திருக்கிறாள்.

அவளை அணைத்துக்கொண்டு அழுதிருக்க வேண்டாமா நான்? அவள் தூரிகையையே எடுத்து, அந்தப் பெண்ணின் மேல் ஒரு தென்னைமரத்தை வரைந்தேன்.

மறுநாள் ஆலோசகர் படத்தை விரித்தார். யாழினி அதையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது என்ன சாமி?" என்று ஆலோசகர் கேட்டார்.

"தென்னமரமுங்க." எத்தனையோ மாதங்களுக்குப் பின் என் மகளின் குரல்! "அம்மா அன்னிக்கு ஊட்டுல இருந்தாங்க. நாந்தான் தம்பியப் பாக்காம உட்டுட்டேன்."

ஆலோசகர் என் பக்கம் திரும்பி, "அப்படிங்களா?" என்றார்.

ஆமாம் என்று என் தலை ஆடியது... என்ன பிறவி நான்?

பிள்ளை பேசிவிட்டாள் என்று உறவெல்லாம் மகிழ்கிறது. உண்மையை உங்களைத் தவிர நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அவள் இப்போது வரைவதில்லை. தாளை எடுத்துக் கொடுத்தால், "நீயே வரஞ்சிரும்மா" என்று என் பக்கமே தள்ளிவைக்கிறாள்.