மாடு விரதம் இருக்கிறது

தமிழ் மருந்துக் கடைக்காரன் வாயில் வரக்கூடாத கேள்வி ஒன்று இருக்கிறது: "ஆருக்கு?"

மல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் கேட்டு வருகிறவரிடம் தாராளமாகக் கேட்கலாம். தடிமன் சளிக்கும் வயிற்றுக்குத்துக்கும் ஊரில் சொந்தக்காரர் உண்டு. வல்லாரைத் தூள், அமுக்கராக் கிழங்கு, சாதிக்காய் என்று கேட்டுவிட்டு, குரலைத் தணித்து, "நித்திரைக்கு நல்லதாம்" என்கிறவரிடம் கேட்டால் தொலைந்தது. பக்கத்து வீட்டுக்காரிக்கு என்பார். கொழும்பில் இருக்கும் மச்சாளுக்கு என்பார். கிளிநொச்சிச் சந்தைப் பக்கம் கடை போட்ட நாள் முதல், மனம் சரியில்லாத மச்சாள்மாருக்கு நான் விற்ற வல்லாரையைக் கணக்குப் பார்த்தால் கொழும்பே நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும்.

கல்லாவுக்குப் பின்னால் நின்று அடுத்தவர் கவலையைக் கேட்டுக் கேட்டே வயிறு புண்ணானவர்கள் யாராவது இதை வாசித்தால் சிரிக்கமாட்டார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

தர்மபுரத்து மாடு

கணேசண்ணை தர்மபுரத்தில் வயல் செய்கிறவர். அறுபதை நெருங்கிய மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். ஒரு நாள் வந்து, சாப்பாட்டில் மனம் போக என்ன கொடுக்கலாம் என்று கேட்டார். எனக்கு வாய் தவறிவிட்டது.

"ஆருக்கண்ணை?"

அவர் திரும்பி றோட்டைப் பார்த்தார். பார்த்தபடியே, "மாட்டுக்கு" என்றார்.

அவரிடம் மாடு இல்லை. இருந்த இரண்டையும் விற்று உழவு மெசின் வாங்கியது எனக்குத் தெரியும். வீட்டில் மனைவியும், கலியாண வயதில் ஒரு மகளும் மட்டும்தான் என்பதும் தெரியும். ஆனாலும் வியாபாரி வியாபாரிதானே. மாட்டுக்கு என்ன செய்கிறது என்று கேட்டேன்.

"சாப்பிடுதில்லைத் தம்பி. நித்திரையும் இல்லை. விடிய விடியக் கூரையைப் பாத்துக்கொண்டு கிடக்கு. சில நேரம் சத்தமில்லாமல் அழும்."

பக்கத்தில் கடுக்காய் வாங்க நின்ற இன்னொருவரும் சிரிக்கவில்லை. காரணத்தை நாங்கள் யாரும் கேட்பதில்லை. காரணம் இல்லாத வீடு, சண்டை நடந்த இந்தப் பக்கத்தில் எது? முருங்கை இலை, பச்சைப்பயறு, கொஞ்சம் தேங்காய்ப்பால் சேர்த்து இலைக்கஞ்சி வைக்கச் சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமாக, சூட்டோடு கொடுக்கச் சொன்னேன். அதோடு, ஒருக்கால் டொக்டரிடமும் காட்டுங்கோ என்றேன். கடைசியாகச் சொன்னது மட்டும் அவர் காதில் விழவில்லை. படி இறங்கியவர் திரும்பி வந்து கேட்டார்: "கஞ்சிக்குத் தேசிக்காய் விடலாமோ தம்பி? மாட்டுக்குப் புளி எண்டாக் காணும், நல்ல விருப்பம்."

சுவரில் ஒட்டிய கட்டுரை

மனம் நன்றாக இருக்க என்ன சாப்பிடலாம் என்று பேப்பரில் ஒரு கட்டுரை வந்திருந்தது. அதை வெட்டிச் சுவரில் ஒட்டினேன். மீன் நல்லதாம், கீரை நல்லதாம், காலை வெயில் நல்லதாம், நடப்பது மிகவும் நல்லதாம். எழுதினவர் பொய் சொல்லவில்லை. நல்ல சாப்பாடு உடம்பைத் தாங்கும். தாங்கிய உடம்பு மனத்தைக் கொஞ்சம் தாங்கும். அந்தக் 'கொஞ்ச'த்தை விற்றுத்தான் நான் சீவிக்கிறேன்.

முல்லைத்தீவுக் கரையிலிருந்து கருவாடு கொண்டுவந்து சந்தையில் விற்கும் அக்கா ஒருவர் சாதிக்காய் வாங்க வந்தார். நான் உற்சாகமாகக் கட்டுரையைக் காட்டி, தலைப்பிலிருந்து கடைசி வரி வரை வாசித்தும் காட்டினேன். அவா இடுப்பில் கை வைத்தபடி பொறுமையாகக் கேட்டா. பிறகு சொன்னா: "மீன்தான் தின்னுறம், வெயில்லதான் காயிறம், கரை முழுக்க நடந்துதான் திரியிறம். அப்ப எங்கட ஊர்ச் சனமெல்லாம் சிரிச்சுக்கொண்டெல்லோ இருக்கோணும்?"

வைகாசி

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் நெருங்கும் காலம் எனக்கு வியாபாரம் குறைவு. பாதிச் சனம் விரதம். கணேசண்ணை வந்தார். கஞ்சி எப்படி என்று கேட்டேன். முகத்தில் ஒரு தெளிவு தெரிந்தது. "மாடு இப்ப விரதம் தம்பி" என்றார்.

எனக்கு விளங்கிவிட்டது. தர்மபுரத்திலிருந்து வருகிற மற்றவர்கள் சொல்லி மிச்சமும் தெரிந்தது. மனைவி சாப்பிடாமல் கிடப்பது அக்கம்பக்கத்தில் தெரியவந்து, ஆட்கள் விசாரிக்கத் தொடங்க, அவா கண்ணகி அம்மனுக்கு விரதம் என்று சொல்லியிருக்கிறா. அவ்வளவுதான், நேற்றுவரை "என்ன, ஏதும் விசரோ, பைத்தியமோ" என்று குசுகுசுத்த சனம் இன்று அவாவைக் கையெடுத்துக் கும்பிடுகிறதாம். தங்கள் பிள்ளைகளுக்காகவும் நேர்ந்துகொள்ளும்படி வந்து கேட்கிறார்களாம். சாப்பிடு என்று கெஞ்ச இனி ஒருவருக்கும் வாய் வராது, தெய்வக் குற்றமல்லவா? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரில் காட்டுவது என்று தெரியாமல் திரிபலாத் தூளைச் சிந்தினேன்.

பொங்கல் முடிந்து இரண்டு வாரம் கழித்து அவர் மறுபடி வந்தபோது, விரதம் முடித்தாகிவிட்டதா என்று ஆசையோடு கேட்டேன். "இல்லைத் தம்பி. அடுத்த வருசப் பொங்கலுக்கு இப்பவே துவங்கீட்டுது."

மனச்சாந்தித் தூள்

கம்பனி முகவர் ஒருவர் பளபளப்பான டப்பாக்களோடு வந்தார். உள்ளே ஏதோ பச்சைத் தூள், வெளியே கண்ணை மூடிச் சிரிக்கும் பெண். ஒரு கரண்டி பாலில் கலந்து குடித்தால் கவலை பறந்துவிடுமாம். உள்ளே என்ன சரக்கு என்று கேட்டேன். இயற்கை என்றார். இயற்கையில் எது என்று கேட்டேன். முழு இயற்கையும் என்றார். குணமாகாவிட்டால் சனம் என் சட்டையைப் பிடிக்காதா என்று கேட்டதற்கு அந்த மனிதர் சொன்ன பதில் மட்டும் கலப்படமில்லாத உண்மை: "ஒருத்தரும் திருப்பிக் கொண்டுவரமாட்டினம் அண்ணை. கொண்டுவந்தா ஆருக்கு வாங்கினதெண்டு சொல்லோணுமே."

வவுனியா வாங்கு

மாடு எழும்பி நடக்கத் தள்ளாடுகிறது என்று கணேசண்ணை சொன்ன அன்று நான் மாட்டுக் கதையை விட்டுவிட்டேன். கதவோரம் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன்: "அண்ணை, இது கஞ்சியில நிக்கிற வருத்தமில்லை. அக்காவை மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. இல்லாட்டி ஆளை இழந்துபோடுவியள்." அவர் கோபிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. மகளுக்குக் கலியாணம் பேசி வந்திருக்கிறார்கள், இங்கே அந்த வாசலில் யாரும் கண்டால் சம்பந்தம் குழம்பிவிடும் என்றார். அப்படியானால் வவுனியாவுக்குப் போங்கோ, அங்கே உங்களை ஆர் அறிவது என்றேன். சரி என்றார். அன்று நான் சந்தோசமாக இருந்தேன், மறைப்பானேன்.

அடுத்த கிழமை வந்தார். போனார்களாம், முதல் பஸ்ஸிலேயே. கிளினிக் வாசலில் ஆட்கள் வரிசையாக இருக்கிற நீட்டு வாங்கில் போய் இருந்தார்களாம். எதிர் வாங்கில் தலையைக் குனிந்தபடி இருந்த இருவர் நிமிர்ந்து பார்த்தால், மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும். அவர்களும் ஆர் அறிவது என்றுதான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள். நாலு பேரும் தலைக்கு மேல் சுற்றிய காற்றாடியைப் பார்த்தார்களாம். பிறகு மாப்பிள்ளையின் தகப்பன், கண் காட்ட வந்த இடத்தில் வழி தவறிவிட்டது என்றாராம். கணேசண்ணையும் தங்களுக்கும் அதேதான் என்றாராம். நாலு பேரும் எழும்பிப்போய், ஒன்றாகத் தேத்தண்ணி குடித்துவிட்டு, ஒரே பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தார்களாம். டொக்டரை ஒருவரும் பார்க்கவில்லை.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர்கள் வீட்டிலும் அதே கவலைதானே, இனி என்ன ஒளிப்பு, அடுத்த முறை நாலு பேரும் சேர்ந்தே போகலாமே என்றேன். கணேசண்ணை, உலகம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "கலியாணம் சரிவந்திட்டுது தம்பி. இனி ரெண்டு பகுதியும் அந்தப் பக்கம் தலை வச்சும் படுக்கேலாது."

என்ர மனுசனுக்கு

கூறைச்சேலை எடுக்க அவர்கள் டவுனுக்கு வந்த அன்று, ஒரு பெண் தனியாகக் கடைப் படியேறினா. மேசையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றா. சட்டை தோளில் நிற்கவில்லை, கைக் காப்பு முழங்கைவரை ஓடியது. கதிரையைத் தள்ளிக் கொடுத்தேன். இருக்கவில்லை. "நான் கணேசற்ற மனுசி" என்றா. "அவர் அங்கால புடவைக்கடையில நிக்கிறார். தெரியாமல் வந்தனான். என்ர மனுசனுக்கு ஒரு மருந்து வேணும்."

இத்தனை காலத்தில், யாருக்கு என்று நான் கேட்காமலே சொன்ன முதல் ஆள் அவாதான்.

அவருக்கு நித்திரை இல்லையாம். விடிய விடிய எழும்பி இருந்து அவாவின் முகத்தையே பார்க்கிறாராம். மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறாராம். சோறு போட்டுக் கொடுத்தால் பிசைந்துவிட்டு அப்படியே வைக்கிறாராம். சொல்லும்போது அவாவின் கண்ணில் உண்மையான பயம் இருந்தது. மனிதருக்கு மனம் பிசகிவிட்டது, மகளின் கலியாணத்துக்கு முன் எப்படியாவது தேற்ற வேண்டும் என்று கெஞ்சினா.

எனக்காகக் கொண்டுவந்த கஞ்சி பிளாஸ்கில் இருந்தது. ஊற்றி நீட்டினேன். "அக்கா, ஒரு மிடறு குடியுங்கோ. அவருக்கு வேற வருத்தமில்லை, நீங்கள்தான் அவற்ற வருத்தம். நீங்கள் டொக்டரைப் பாத்து, நாலு வாய் சாப்பிட்டா அவர் தானாத் தேறுவார். நானே கூட்டிக்கொண்டு போறன், இப்பவே" என்றேன். அவா கோப்பையை இரண்டு கையாலும் வாங்கி, சூட்டைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் மேசையில் திருப்பி வைத்தா. அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தா.

"எனக்கு ஒண்டுமில்லைத் தம்பி, நான் விரதம். அவருக்கு மட்டும் கட்டித் தாங்கோ."

எங்கள் பக்கத்தில் மருந்து வாங்காத வீடு ஒன்றுகூட இல்லை, நோயாளி இருக்கிற வீடும் ஒன்றுகூட இல்லை.