சண்டையே போடாத ஜோடி

அன்னைக்கு மலை மேல இருந்தவங்க: நான். என் வீட்டுக்காரர். பக்கத்துக் கூடாரத்துல ஒரு ஜோடி, கல்யாணமாகி ஒரு மாசம், அந்தப் பொண்ணு கையில மருதாணிச் சிவப்பு இன்னும் முழுசாப் போகலை. அதுக்கு அடுத்த கூடாரத்துல இன்னொரு ஜோடி, கல்யாணம் ஆகலை, ஆகப் போறதும் இல்லைன்னு அவங்களே சொன்னாங்க, நான் கேக்கலை. ஹெட்போன் குடுக்கற பொண்ணு, கழுத்துல அட்டை. மேடையில கிட்டாரோட ஒரு தாடிக்காரர். அவர் பக்கத்துல ரப்பர் தட்டைக் குச்சியால தட்டறவர். ஒரு நாய், டிக்கெட் இல்லாம வந்தது. மத்தபடி புல்லு மேல ஜோடி ஜோடியா ஆளுங்க. தனியா யாரும் இல்லை, தனி ஆளுக்கு அனுமதி கிடையாது.

நாங்க அங்கே போய்ச் சேந்தது பரிசு விழுந்ததால.

ஜோகுபாளையத்துல எங்க மாதா கோயில்ல வருஷத்துக்கு ஒரு தடவை குடும்ப விழா வெப்பாங்க. போன வருஷம் அதுல சிறந்த தம்பதி போட்டி. நாங்களா சேரலை. தெருக்காரங்க பேரைக் குடுத்துட்டாங்க. இவங்க வீட்டுல ஒரு நாளும் சத்தம் கேட்டதில்லைன்னு சாட்சியும் சொன்னாங்க. டிவி சத்தம் கேக்கும், அது தெருமுனை வரைக்கும் கேக்கும். அதை யாரும் கணக்குல சேக்கலை.

ஃபாதர் ஒவ்வொரு ஜோடியா மேடையில நிக்க வெச்சு ஒரே கேள்வி கேட்டார். இந்த வருஷம் எத்தனை சண்டை. முதல்ல நின்ன ஆள் ரெண்டுன்னார். அவர் சம்சாரம் எந்த ரெண்டுன்னு கேட்டாங்க. அங்கேயே மூணாவது ஆரம்பிச்சுது. எங்க முறை வந்தப்போ நான் ஒண்ணுமில்லைன்னேன். நிஜம் அதுதான். ஃபாதர் மைக்கை என் வீட்டுக்காரர்கிட்ட நீட்டினார். அவர் சிரிச்சார்.

"உம். எல்லாம் சாமி புண்ணியம்."

மண்டபமே கை தட்டிச்சு. பின்வரிசையில ரெண்டு பொம்பளைங்க புருஷன்களைத் திரும்பிப் பாத்தாங்க.

பரிசு குடுத்தவர் நந்தி மலைக்கு அந்தாண்ட இன்னொரு மலையில தங்கற இடம் நடத்தறவர். ஒரு நாள் தங்கல், சாப்பாடு, சாயங்காலம் திறந்த வெளியில கச்சேரி. எல்லாம் ஜோடிக்கு.

எனக்குப் போக மனசில்லை. காரணம் இருந்தது.

அப்போ நான் இந்திராநகர்ல ஒரு அபார்ட்மெண்ட்ல மேடம் ஒருத்தங்க குழந்தையைப் பாத்துகிட்டிருந்தேன். அவங்களுக்கு துபாய்ல வேலை மாத்திட்டாங்க. என்னையும் கூப்பிட்டாங்க. ரெண்டு வருஷம். பாஸ்போர்ட், விசா எல்லாம் அவங்க பொறுப்பு. எங்க பொண்ணை ஒசூர்ல கட்டிக் குடுத்தாச்சு, தடை ஒண்ணும் இல்லை. ரெண்டு வாரம் டைம், வீட்டுக்காரர்கிட்ட கேட்டு அந்தத் திங்கக்கிழமைக்குள்ள சொல்லுன்னாங்க.

கேட்டேன். சப்பாத்தி போட்டுகிட்டே, கல்லைப் பாத்தபடி கேட்டேன். துபாய்க்குப் போகட்டுமா, ரெண்டு வருஷம்னு. பின்னாடி உக்காந்து சாப்பிட்டவர், "உம், சரி"ன்னார். இன்னொரு சப்பாத்தி கேட்டார்.

இருபத்திரெண்டு வருஷமா குடும்பம் நடத்தின பொம்பளையை ஒரு சப்பாத்தி நேரத்துல அனுப்பிட்டாரேன்னு இருந்தது. வெளியில நான் பேச மாட்டேன். வீட்டுல மட்டும் வேலை செய்யும்போது அவர்கிட்ட சொல்லிகிட்டே இருப்பேன், அவர் உம்முன்னுவார். அன்னையிலேர்ந்து அதையும் நிறுத்தினேன். நான் நிறுத்தினதை அவர் கவனிச்ச மாதிரி தெரியலை.

இந்த நிலைமையிலதான் சிறந்த தம்பதியா மலையேறினோம்.

வாசல்லயே போனைப் பிடுங்கி ஒரு பைக்குள்ள போட்டாங்க. ஒருத்தரோட ஒருத்தர் பேசணுமாம், அதுக்குத்தான் வர்றாங்களாம். போனைக் குடுத்த ஜோடிங்க எல்லாம் என்ன பேசறதுன்னு தெரியாம மலையைப் பாத்துகிட்டு நின்னாங்க. மலை நல்லாத்தான் இருந்தது. மதியம் ராகிக் களி போட்டாங்க. கோலிகுண்டு அளவுக்கு ஒரு உருண்டை, மேல ஒரு இலை. வீட்டுக்காரர் உருண்டையைத் தின்னுட்டு, களி எப்ப வரும்னு கேட்டார்.

சாயங்காலம் வைக்கோல் கட்டு மேல உக்கார வெச்சாங்க. மாட்டுக்கு வெச்சிருக்காங்கன்னு நினைச்சு நாங்க கிட்டயே போகாத வைக்கோல் கட்டு அது. அப்புறம் அந்த அட்டைப் பொண்ணு ஆளுக்கொரு ஹெட்போன் குடுத்தா. மலையில பறவைங்க இருக்கு, ஸ்பீக்கர் போட்டா அதுங்களுக்குத் தொந்தரவு, அதனால பாட்டு ஹெட்போன்ல மட்டும்தான் வரும்னா. நல்ல ஏற்பாடு. பெங்களூர்ல மாதா திருவிழாவுக்கும் கணேசாவுக்கும் இப்படிக் குடுத்தா நாங்களும் தூங்குவோம்.

கச்சேரி ஆரம்பிச்சுது. மாட்டினா பாட்டு, கழட்டினா காத்து. கழட்டிப் பாத்தா தாடிக்காரர் கண்ணை மூடிகிட்டு என்னமோ முனகறார், இன்னொருத்தர் டப்டப்னு ரப்பரைத் தட்டறார், முன்னாடி இத்தனை பேரு சத்தமே இல்லாம ஆடறாங்க. நாய் குரைக்கலாமா வேணாமான்னு நின்னுச்சு.

என் வீட்டுக்காரரைப் பாத்தேன். ஹெட்போன் மாட்டிகிட்டு தலையை ஆட்டறார். முட்டியில தாளம் போடறார். எனக்கு உள்ளே எரிஞ்சுது. பொண்டாட்டி துபாய் போறா, இவருக்குத் தாளம்.

அப்பதான் பாத்தேன். எல்லார் ஹெட்போன்லயும் பக்கத்துல ஒரு நீல லைட் எரியுது. இவருதுல இல்லை.

அவர் காதுலேர்ந்து கழட்டி என் காதுல வெச்சேன். ஒண்ணும் வரலை. அவர் ஸ்விட்சே போடலை. அரை மணி நேரமா ஊமை ஹெட்போனுக்குத் தலையாட்டியிருக்கார்.

அந்த அட்டைப் பொண்ணு ஓடி வந்து, "அங்கிள், ஆன் பண்ணலியா"ன்னு போட்டு விட்டா. நீல லைட் எரிஞ்சுது. மறுபடி மாட்டினார். மறுபடி தலையாட்டினார். முன்னே ஆட்டின அதே ஆட்டம். ஒரு மாத்தமும் இல்லை. நான் அதுல இருந்த திருகை முழுசாத் திருப்பினேன். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டுது, நிமிந்தார்.

"பாட்டு வருது"ன்னார்.

அவர் பழைய மெட்ராஸ் ரோட்டுல தகரம் வெட்டற பிரஸ் ஷாப்ல வேலை செய்யறவர். நாள் பூரா மிஷின் பக்கத்துல நிக்கறவர். எனக்கு ஒண்ணொண்ணா ஞாபகம் வந்தது. டிவி சத்தம். கதவு தட்டினா எழுந்திருக்காதது. மேடையில சாமி புண்ணியம்னது.

ஹெட்போனைக் கழட்டினேன். அவரைப் பாக்காம, முன்னாடி மேடையைப் பாத்துகிட்டு, வீட்டுல பேசற குரல்ல சொன்னேன்.

"உங்க சட்டை தீப்பிடிச்சிருக்கு."

"உம்."

"நேத்து நான் செத்துட்டேன்."

"சரி."

பரிசு வாங்கின ஜோடி நாங்க.

சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே நின்னுச்சு. அப்போ துபாய்க்குக் கேட்டப்போ சரின்னது எதுக்கு. இன்னும் ரெண்டு நாள்ல திங்கக்கிழமை.

கேட்டே ஆகணும்னு தோணிச்சு. கத்தினாத்தான் அவருக்குக் கேக்கும். சுத்தி எல்லாரும் காதை மூடியிருக்காங்க, கத்தினாலும் யாருக்கும் கேக்காது. வீட்டுல கத்த முடியாது, தெரு கேக்கும். இதைவிட நல்ல இடம் கிடைக்காதுன்னு நினைச்சேன். அவர் பக்கம் திரும்பி மூச்சை இழுத்தேன்.

பாட்டு அந்த நேரம் பாத்து முடிஞ்சுது. எல்லாரும் கை தட்டறதுக்கு ஹெட்போனைக் கழட்டியிருக்காங்க. எனக்குத் தெரியாது.

"நான் துபாய்க்குப் போறேன், ரெண்டு வருஷம், போகட்டுமா?"

மலை அதைத் திருப்பிச் சொல்லிச்சு. ஏதோ பறவை பறந்துச்சு. கை தட்டப் போனவங்க கை அப்படியே நின்னுச்சு. தாடிக்காரர் கண்ணைத் திறந்தார்.

என் வீட்டுக்காரர் என் வாயையே பாத்தார். அவர் மூஞ்சி மாறிச்சு. அப்புறம் சொன்னார்.

"பேடா."

அவர் ஃபேக்டரியில எல்லாம் கன்னடம். கோபம் வந்தா கன்னடத்துலதான் வேணாம்னு சொல்லுவார்ங்கறது எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். என்கிட்ட அவருக்குக் கோபம் வந்ததே இல்லையே.

எனக்குச் சந்தோஷமா இருந்தது. அதனால சண்டைக்குப் போனேன்.

அன்னைக்கே கேட்டேன், சரின்னீங்களேன்னேன். எப்பக் கேட்டன்னார். சப்பாத்தி போடறப்போன்னேன். சப்பாத்தி வேணுமான்னுதானே கேட்டன்னார். காது கேக்கலைன்னு சொல்ல வேண்டியதுதானேன்னேன். நீ முணுமுணுக்கறதுக்கு நான் என்ன பண்றதுன்னார். ஊரே முணுமுணுக்குதாம், ஃபாதர் பூசையும் முணுமுணுப்பாம். சோறு யாரு ஆக்குவாங்கன்னும் கேட்டார். அதுக்கு நான் குடுத்த பதிலை இங்கே எழுத வேணாம். எல்லாம் சத்தமா நடந்தது, அவருக்குக் கேக்கணும்ல.

கடைசியில அவர் குரலைக் கொஞ்சம் இறக்கினார்.

"நீ போனா வீட்டுல யாரு பேசறது?"

"பேசினா மட்டும்? உங்களுக்குக் கேக்கவா போவுது?"

"கேக்கலைன்னா இன்னா. பேசினுதான இருந்த. இப்ப பத்து நாளா உன் வாயே அசையலை."

நான் உக்காந்துட்டேன்.

யாரோ ஒருத்தர் கை தட்டினார். தாடிக்காரர் மைக்கை விட்டுட்டு, இதுதான் உண்மையான கலைன்னு ஏதோ இங்கிலீஷ்ல கத்திச் சொல்லி அடுத்த பாட்டு எங்களுக்குன்னார். ஹெட்போன் மாட்டாததால அந்தப் பாட்டை நாங்க கேக்கலை. பக்கத்து மருதாணிப் பொண்ணு மெதுவா எட்டி, தன் புருஷன் ஹெட்போன்ல லைட் எரியுதான்னு பாத்தா. அவளைப் பாத்து இன்னும் நாலஞ்சு பொம்பளைங்க பாத்தாங்க. கல்யாணம் ஆகாத ஜோடியும் பாத்துகிச்சு.

திங்கக்கிழமை மேடத்துகிட்ட வரலைன்னு சொல்லிட்டேன். அவர் வேணாம்னதுக்காக இல்லை. சண்டை பாதியில நின்னிருந்தது, முடிக்கணும்.

அடுத்த வாரம் கூட்டிட்டுப் போய்க் காதைக் காட்டினோம். மிஷின் மாட்டி விட்டாங்க. வீட்டுக்கு வந்ததும் ஃபேனைப் பாத்து, இது எப்பவும் இப்படித்தான் கத்துமான்னார். என் வளையலைப் பாத்தார். டிவியை அவரே குறைச்சார். நான் பாத்திரம் விளக்கிகிட்டே வழக்கம்போல அவர் தங்கச்சியைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னேன். இருபத்திரெண்டு வருஷமா சொல்ற வார்த்தைதான்.

"இன்னா சொன்ன?"ன்னு பின்னாடியிலேர்ந்து கேட்டார்.

இப்ப எங்க வீட்டு டிவி தெருவுக்குக் கேக்கறதில்லை. நாங்க கேக்கறோம்.

இந்த வருஷமும் குடும்ப விழா வந்தது. போன வருஷம் ஜெயிச்சவங்கன்னு எங்களை மறுபடி மேடையேத்தினாங்க. ஃபாதர் அதே கேள்வியைக் கேட்டார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவர் மைக்கை வாங்கிட்டார். மலையில நடந்ததையும் சேத்தான்னு என்னைக் கேட்டார். சேத்துதான்னேன். ஃபாதரைப் பாத்து, தெளிவா, முணுமுணுக்காம சொன்னார்.

"நாப்பத்தியொண்ணு."